சஷ்டிக்கு ஒரு நாள் முன்னால்

காந்திபுரம்
22.10.2025, புதன்

அண்ணா,

லெட்டரான்னு சிரிக்காதீங்க. சிரிச்சாலும் சத்தம் வராது, நீங்கதான் மௌன வெரதமாச்சே. உங்க நம்பருக்குப் போட்டா அம்மா எடுக்கறாங்க. சஷ்டி முடியற வரைக்கும் போனை பீரோவுல வெச்சுப் பூட்டறாங்களாமா. "அவன் காப்புக் கட்டிட்டான். என்ன பேசறதா இருந்தாலும் வாழைத்தண்டு குடுக்க வர்றப்ப நேர்ல பேசிக்க"ன்னு சொல்லிக் கட் பண்ணிட்டாங்க. அதனால நம்ம வேலுமணியண்ணன் கைல இதைக் குடுத்துடறேன். தெனமும் காலைல பூ லோடு எறக்கிட்டு எங்க கடை வழியாத்தானே டெம்போவத் திருப்பறாரு. அம்மா கண்ணுல படாம குடுக்கறேன்னாரு. படிச்சுட்டு பதில் எழுதோணும்.

நேத்து நடந்தது நீங்க உக்காந்திருந்த சேர்ல இருந்து எப்படித் தெரிஞ்சுதோ. நான் நின்ன எடத்துல இருந்து எப்படித் தெரிஞ்சுதுன்னு சொல்றேன், கேளுங்க.

தீவாளி நோம்பிக்குன்னு மூணு நாள் லீவு போட்டு ஊட்டுக்கு வந்தேன். தீவாளிக்கு மறுநாள் பதினோரு மணிக்குத் தரகர் சுப்பையன் புளியம்பட்டிக்காரங்களைக் கூட்டிட்டு வாராரு. உங்களுக்குப் பேசிட்டிருக்கற புவனாவோட அப்பா, பெரியப்பா ரெண்டு பேரும். காப்பி குடிச்சாங்க. சுப்பையன் முறுக்கை ஒடச்சுட்டே அம்மாவப் பாத்து ஆரம்பிச்சாரு. "மயிலாத்தாள் அக்கா, புவனாவ உங்க பையனுக்குத் தர்றோமுங்க. உங்க பொண்ணை அவங்க பையன் கிருபாசங்கருக்குக் குடுத்துருங்க. பொண்ணு குடுத்துப் பொண்ணு எடுத்துக்கலாம். வர்ற செவ்வாக்கெழம சாமிக்குத் திருக்கல்யாணம், அன்னைக்கே உப்புச் சக்கரை மாத்தி உறுதி பண்ணிப்போடலாமுங்க."

சமையக்கட்டு வாசப்படில நான் காப்பித் தட்டோட நிக்கறேன். என்னை யாரும் கேக்கலை. சரி, உடுங்க. உங்களைக் கேட்டாங்க. "மாப்ளை என்ன சொல்றீங்க?" நீங்க வாய்மேல வெரலை வெச்சுக் காட்டுனீங்க. அம்மா உடனே, "பையன் மௌன வெரதமுங்க. பேசலீன்னா சம்மதந்தானுங்க"ன்னாங்க. எல்லாரும் சிரிச்சாங்க. நீங்களும் சிரிச்சீங்க.

தலைய இடதும் வலதுமா ஒருக்கா ஆட்டியிருந்தாப் போதும். அதுக்கு வெரதம் முறியாது.

அஞ்சு மணி பஸ்ஸுக்குக் கெளம்பி வந்துட்டேன். அம்மாகிட்டச் சொல்லலை.

நான் யோக்கியம்னு சொல்லலீங்ணா. மூணாவது செமஸ்டர்ல காலேஜை உட்டவதான். ரெண்டு வருசத்துல நாலு எடத்துல வேலை மாத்துனவதான். ஆனா இந்த யூனுஸ் பாய் கடைல போன் சர்வீஸ் கத்துக்க ஆரம்பிச்சு ஆறு மாசம் ஆச்சு, இன்னும் உடலை. பாயே ஆச்சரியப்படறாரு. "நீ இன்னும் ஓடலையாம்மா?"ன்னு தெனம் கேக்கறாரு. மொதத் தடவையா எனக்குப் புடிச்ச வேலை கெடச்சிருக்குது. அந்த நேரம் பாத்துப் புளியம்பட்டி.

நான் கேக்கறது ஒரே வரி. "தங்கச்சியக் குடுக்கறதுல எனக்குச் சம்மதமில்லை"ன்னு எழுதி சுப்பையன் கைல குடுங்க. எழுதறதுக்கு மௌனம் தடையில்லை. நேத்துக் கூட "காப்பில சக்கரை கம்மி"ன்னு ஸ்லேட்டுல எழுதி அம்மாகிட்டக் காட்டுனீங்க. சக்கரைக்கு எழுதத் தெரிஞ்ச கைக்கு இது தெரியாதா?

ரித்திகா


23.10.2025, வியாழன்

அன்புள்ள அம்மணிக்கு,

அண்ணன் கதிர்வேல் எழுதுவது. வேலுமணி கடிதத்தை மாட்டுத்தீவனச் சாக்குக்குள் வைத்துக் கொண்டு வந்து கொடுத்தான். நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தாய் என்று தெரிந்து நிம்மதி. சொல்லாமல் போனது தப்பு. அம்மா இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை.

நானும் சாப்பிடவில்லைதான், அது வேறு கணக்கு. இந்த வருடம் மிளகு விரதம் எடுத்திருக்கிறேன். நேற்று ஒரு மிளகு. இன்று இரண்டு. ஆறாம் நாள் ஆறு. மென்று தண்ணீர் குடித்தால் அன்றைய சாப்பாடு முடிந்தது. பூசாரி ஐயா, "வெறும் பால் பழம் இருந்து ஏழு வருசமா வேலைக்காகலையே கதிரு, இதை எடு" என்றார். எடுத்துவிட்டேன்.

காப்புக் கட்டினவனுக்கு உள்ள முறையெல்லாம் உனக்குத் தெரியும். ஊர் எல்லை தாண்டக் கூடாது, தலைக்கு எண்ணெய் கூடாது, கட்டில் கூடாது. பவானி ஜமக்காளத்தை விரித்துத் தறிக்கொட்டகையிலேயே படுத்துக்கொள்கிறேன். இன்னொன்றும் அம்மா சொல்கிறாள். 'இல்லை', 'வேண்டாம்' என்ற இரண்டு சொல்லையும் காப்புக் கட்டிய கையால் எழுதக்கூட ஆகாதாம். எழுதினால் கேட்ட வரம் கைக்கு வந்தும் தங்காதாம். ஆகையால் நீ கேட்ட வரியை இப்போது எழுத வழியில்லை. கோபப்படாதே.

கிருபாசங்கரைப் பற்றி விசாரித்தேன். கோழிப்பண்ணை வைத்திருக்கிறார். குடி கிடையாது. முப்பத்து மூன்று வயது என்பதைத் தவிரக் குறை சொல்ல ஏதும் இல்லை.

திங்கட்கிழமை சாயங்காலம் சூரன் விழுந்ததும் எல்லோரும் வாழைத்தண்டு சாப்பிட்டு விரதம் விடுவார்கள். ஊர் வழக்கம் அவ்வளவுதான். நம் வீட்டில் அதைக் கல்யாணமாகாத உடன்பிறந்தவள் கையால் வாங்கித்தான் சாப்பிட வேண்டும். ஏழு வருடமாக நீதான் கொடுத்தாய். பதினான்கு வயதில் பாவாடையில் தயிரைக் கொட்டிக்கொண்டு வந்து நின்றாயே. நீ வராவிட்டால் நான் எப்படி விரதம் விடுவது? அதை மட்டும் யோசித்துப் பார்.

அண்ணன்
கதிர்வேல்


காந்திபுரம்
24.10.2025, வெள்ளி

அண்ணா,

இல்லை, வேண்டாம் ரெண்டும் எழுதக்கூடாதுன்னு சொல்லி ரெண்டையும் எழுதியிருக்கீங்க. அதுபோக "சாப்பிடவில்லை", "வழியில்லை", "ஏதும் இல்லை". எண்ணிப் பாத்தேன். உங்க வெரதம் ரெண்டாவது நாளே கோவிந்தா. அப்புறம் என்ன, மிச்சம் இருக்கற ஒரு வரியையும் எழுதிப்போடுங்க.

கிருபாசங்கர் நல்லவராவே இருக்கட்டுங்ணா. நல்லவங்க எத்தனையோ பேர் இருக்காங்க. எங்க பாய் நல்லவரு, டவுன் பஸ் கண்டக்டர் நல்லவரு. எல்லாரையும் கட்டிக்க முடியுங்களா?

நேத்து அம்மா போன் பண்ணுனாங்க. திட்டத்தான் போறாங்கன்னு எடுத்தேன். கொரல்ல அப்படி ஒரு பாசம். "கண்ணு, உன் ரவிக்கை அளவு மாறியிருக்குதா? போன தைக்கே கை இறுக்கமா இருந்துதே"ன்னாங்க. தண்டு குடுக்கறதுக்கு எதுக்குங்ணா பட்டு ரவிக்கை? திங்கக்கெழம சாயங்காலம் வந்து தண்டு குடுத்தா, செவ்வாக்கெழம காலைல உப்புத் தட்டு முன்னாடி உக்கார வெச்சுருவாங்க. அது உங்களுக்கும் தெரியும். தெரிஞ்சேதான் "எப்படி விரதம் விடுவது"ன்னு எழுதியிருக்கீங்க.

வர மாட்டேன்னேன். ஒடனே கொரல் மாறிப்போச்சு. "வெரதக்காரனைப் பட்டினி போட்டவ அடுத்த சென்மத்துல வாயில்லாத சீவனாத்தான் பொறப்பா"ன்னாங்க. "இந்த சென்மத்துலயே என்னை யாரும் ஒரு வார்த்தை கேக்கலையேம்மா"ன்னேன். வெச்சுட்டாங்க.

இன்னொண்ணு. முந்தாநேத்துத் தறில நூல் ஏத்தறப்ப தலை சுத்தி உக்காந்துட்டீங்களாமா. அதை லெட்டர்ல ஒளிச்சுட்டீங்க. வேலுமணியண்ணன்தான் சொன்னாரு. "ஆளு வாழை மட்டையாட்டம் ஆயிட்டாரும்மா"ன்னாரு. ஒரு மொளகு தின்னுபோட்டு தறி ஓட்டற மனுசன் உண்டாங்ணா? உங்களுக்குப் பொண்ணு குடுக்காதது முருகனா? தறி வெச்சிருக்கற மாப்ளை வேண்டாம், கோயமுத்தூர்ல ஏசி ரூம்ல உக்கார்ற மாப்ளை வேணும்னு கேக்கறவங்க. அதுக்கு எத்தனை மொளகு தின்னாலும் ஆகறதில்லை.

கோவத்துல எழுதிட்டேன். கிழிக்கல. இப்படியே படிங்க.

ரித்திகா


24.10.2025, வெள்ளி மாலை

அம்மணி,

வேலுமணி நாளைக் காலை கிளம்புவதற்குள் கொடுக்க வேண்டும் என்று அவசரமாக எழுதுகிறேன். இன்று மூன்று மிளகு. எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

நீ சொன்னது உண்மைதான். எனக்குப் பெண் கொடுக்காதது முருகன் இல்லை. பதினேழு இடம். முதல் நான்கைந்து இடங்களில் நாம்தான் ஜாதகம் சரியில்லை என்றோம். அப்புறம் அவர்கள் சொன்னார்கள். அப்புறம் காரணம் சொல்வதையே நிறுத்திவிட்டார்கள். கல்யாண வீடுகளில் முன்பெல்லாம், "அடுத்தது கதிர்தான்" என்று முதுகில் தட்டுவார்கள். இப்போது யாரும் தட்டுவதில்லை. பந்தியில் சாம்பார் வாளியைக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். என்னோடு பள்ளியில் படித்தவனின் மகள் பத்தாவது எழுதப் போகிறாள். என்னை 'மாமா' என்கிறாள். எனக்கு முப்பத்தாறு வயது.

புவனாவைப் பற்றி உன்னிடம் நான் சொன்னதே இல்லை. அம்மாவிடமும் முழுதாகச் சொல்லவில்லை. ஆடி மாதம் பண்ணாரி கோயிலில் வைத்துப் பார்த்தோம். ஒரு நர்சரிப் பள்ளியில் டீச்சர். இருபத்தொன்பது வயது. அவளும் நிறையப் பேர் முன்னால் காப்பித் தட்டோடு நின்றவள்தான். "தறிச் சத்தத்துல எப்படிங்க தூங்குவீங்க?" என்றுதான் முதலில் கேட்டாள். "சத்தம் நின்னாத்தான் முழிப்பு வருமுங்க" என்றேன். சிரித்தாள். அதற்கப்புறம் தினமும் சாயங்காலம் போனில் பேசுவோம். குழந்தைகள் செய்த சேட்டையைச் சொல்வாள். நான் தறியில் பாவு நூல் அறுந்ததைச் சொல்வேன். அதில் என்ன இருக்கிறது என்று உனக்குத் தோன்றும். எனக்கு அது இருந்தது.

மூன்று மாதம் கழித்துத்தான் அவளுடைய அப்பா இந்தப் பேச்சை எடுத்தார். அவர் பையனுக்கும் பெண் கிடைக்கவில்லை. அவர் வீட்டிலும் ஒரு கதிர்வேல் இருக்கிறான் என்று வைத்துக்கொள்.

கேட்டது அவர்கள். தலையாட்டியது அம்மா. நானாக உன்னைத் தருகிறேன் என்று எங்கே சொன்னேன்? நான் என்ன செய்தேன் என்று என்னை இப்படித் திட்டுகிறாய்?

கதிர்வேல்


காந்திபுரம்
25.10.2025, சனி

அண்ணா,

லெட்டரை ரெண்டு தடவை படிச்சேன். மொதத் தடவை அழுகை வந்துது. புவனாக்காவப் பத்தி எனக்கு நெசமாவே தெரியாது. தெரிஞ்சிருந்தா சந்தோசப்பட்டிருப்பேன். ஊர் பூராம் சொல்லியும் இருப்பேன், அதனாலதான் சொல்லலை போல.

ரெண்டாவது தடவை படிக்கறப்ப எரிச்சல் வந்துது. கடைசில "நான் என்ன செய்தேன்"னு ஒரு கேள்வி வெச்சீங்க பாருங்க, அங்க.

மதியம் ஒரு போன் சர்வீஸுக்கு வந்துது. மைக் வேலை செய்யலை. கழட்டிப் பாத்தா மைக் நல்லாத்தான் இருக்குது. ஓனரே மேல ஸ்டிக்கரை ஒட்டி ஓட்டையை அடச்சுட்டாரு. அதைப் பிச்சுட்டிருக்கறப்பத்தான் எனக்குப் பொக்குனு ஒறச்சுது.

காப்புக் கட்டுனது புதங்கெழம. எல்லாரும் புதங்கெழமதான் கட்டுவாங்க. சுப்பையன் வந்தது செவ்வாக்கெழம. அன்னைக்கு உங்க கைல காப்பு இல்லை. சக்கரை போட்ட காப்பி குடிச்சீங்க, முறுக்குத் தின்னீங்க. அப்படி இருக்க வாய் மட்டும் எதுக்கு ஒரு நாள் முன்னாடியே வெரதத்துக்குப் போச்சு?

அதுவுமில்லாம ஏழு வருசமா நீங்க சஷ்டிக்கு மௌனம் இருந்ததே கெடையாது. தறிச் சத்தத்துக்கு மேல சாமி பாட்டைக் கத்திட்டு இருப்பீங்க. பக்கத்து ஊட்டு ஆயா, "முருகன் ஓடிப்போயிருவான் கதிரு, மெதுவாப் பாடு"ன்னு சொல்லும். இந்த வருசம் என்னங்ணா திடீர்னு?

உங்க பதிலை நானே எழுதிப்போடுவேன். ஆனா நீங்க எழுதோணும். திங்கக்கெழம காலைல லோடு வர்றப்ப எனக்கு அது வந்தாகோணும்.

ரித்திகா


26.10.2025, ஞாயிறு

ரித்திகா,

மூன்று தாள் கிழித்துவிட்டேன். இது நான்காவது.

தீபாவளி அன்று சாயங்காலம் நீ மாடியில் வெடி வெடித்துக்கொண்டிருந்தாய். சுப்பையன் எனக்குப் போன் செய்தார். நாளைக்கு வருகிறோம், இப்படி இப்படிக் கேட்கப்போகிறோம், நீங்க சரின்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதுமுங்க என்றார். யோசிச்சுச் சொல்றேன் என்றேன். "இதுல யோசிக்க என்ன இருக்குதுங்க, வேண்டாம்னா அவங்க வேற எடம் பாத்துக்குவாங்க" என்றார்.

மாடியிலிருந்து உன் சிரிப்புச் சத்தம் கேட்டது. சரி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வேண்டாம் என்றால் அதோடு புவனாவும் போய்விடுவாள். அதைச் சொல்லவும் வாய் வரவில்லை. காலையில் எழுந்ததும் ஸ்லேட்டை எடுத்து, 'இந்த வருடம் மௌனம், இன்றிலிருந்தே' என்று எழுதி அம்மாவிடம் காட்டினேன். அம்மா என் கன்னத்தைத் தடவி நெட்டி முறித்தாள். என் பையனுக்கு எவ்வளவு பக்தி என்று நினைத்திருப்பாள்.

பேசாமல் இருந்தால் இரண்டுமே சொல்லாத மாதிரி என்று நினைத்தேன். என் பேசாமையை அவர்கள் எடுத்துத் தங்களுக்கு வேண்டிய மாதிரி வைத்துக்கொள்வார்கள் என்று தெரியும். தெரியாது என்று எழுத ஆசைதான். தெரியும்.

நாளைக்கு நீ வராதே. பட்டு ரவிக்கை தைத்து வந்துவிட்டது. அம்மா ஒறம்பரைச் சொந்தத்துக்கெல்லாம் சொல்லிவிட்டாள். வந்தால் உன்னைத் திருப்பி அனுப்ப மாட்டார்கள். நீ கேட்ட வரியை எழுதித் தர இன்னும் எனக்குத் தைரியம் வரவில்லை. தண்டு சாப்பிடாமல் நான் இப்படியே இருந்துகொள்கிறேன். அவ்வளவுதான் என்னால் முடியும்.

இன்று ஐந்து மிளகு.

கதிர்வேல்


காந்திபுரம்
27.10.2025, திங்கள்

அண்ணா,

"இப்படியே இருந்துகொள்கிறேன்." அருமை. உங்களுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா அதுவும் எந்தலைல. ஊர் பூராம் என்ன பேசும்? பொறந்தவ தண்டு குடுக்காம அண்ணனைக் கெடத்திப்போட்டான்னு பேசும். நீங்க அப்பவும் வாயத் தொறக்காம படுத்திருப்பீங்க. சும்மா இருக்கறதுலயே இத்தனை பேரைச் சுத்தல்ல உடறதுக்கு உங்களாலதாங்ணா முடியும்.

இதோட ஒரு டப்பா வருது. உள்ள தண்டு. காலைல ஆறு மணிக்கு உழவர் சந்தைக்குப் போய் நானே வாங்கி, கடைல உக்காந்து நானே நறுக்குனது. நாரை வெரல்ல சுத்திச் சுத்தி எடுக்கோணுமாமா, எனக்கு வரவே இல்லை. பாய் பாத்துட்டு, "என்னம்மா, போர்டுல ஜம்பர் வயர் இழுக்கறியா?"ன்னாரு. விசயத்தைச் சொன்னேன். சிரிப்பு நின்னுபோச்சு. "நோம்பு தொறக்கறதுக்கு ஆளு பாத்துக் குடுக்கற வழக்கம் எங்கள்ல இல்லம்மா, பசிச்சவன் யாரு கைல வாங்குனாலும் ஒண்ணுதான்"னாரு. தயிரு அவரு ஊட்டுல இருந்து வந்துது.

நேத்து ராத்திரி வரைக்கும் என்ன நெனச்சிருந்தேன்னா, "அந்த வரிய எழுதிக் குடுத்தாத்தான் தண்டு"ன்னு உங்களுக்கு எழுதலாம்னு இருந்தேன். மனசுல நல்லா நறுக்குன்னு வந்துச்சு. காலைல நாரை எடுக்கறப்பத்தான் தெரிஞ்சுது, இதைக் குடுக்கறேன் அதைக் குடுன்னு கேக்கறதுக்கு நான் எதுக்கு, சுப்பையன் போதுமே.

அதனால சும்மா குடுக்கறேன். நீங்க எழுதுனாலும் எழுதலீன்னாலும் தின்னுங்க. நான் வரலை. நாளைக்கும் வரமாட்டேன். ஆள் உட்டு இழுத்துட்டுப் போனாலும் சரி, எல்லார் முன்னாடியும் உப்புத் தட்டைத் தள்ளி உட்டுட்டு வருவேன். அதை நான் பாத்துக்குவேன். ஆனா அப்பவும் வாயத் தொறந்தது நான்தான்னு ஆயிரும். நீங்க இல்லை. அதுதான் எனக்கு ஆத்தமாட்டாம இருக்குது.

ரித்திகா


28.10.2025, செவ்வாய்

அம்மணி,

இன்று யாரும் வரவில்லை. உப்புச் சர்க்கரை இல்லை. நீ பயப்படாமல் வேலைக்குப் போ. இதை முதலில் எழுதிவிடுகிறேன், மற்றதெல்லாம் அப்புறம்.

உனக்காகச் செய்தேன் என்று நினைத்துக்கொள்ளாதே. எனக்கு உன்மேல் கோபம் இருக்கிறது. நீ கொஞ்ச நாள் ஊருக்கு வராமல் இருந்தால் நல்லது. அம்மா என்னோடு பேசுவதில்லை. அவளுக்குக் காப்பு ஒன்றும் கிடையாது, இருந்தாலும் பேசுவதில்லை.

நேற்று சாயங்காலம் கோயில் முன்னால் சூரன் விழுந்தான். எல்லார் வீட்டிலிருந்தும் கிண்ணம் கிண்ணமாகத் தண்டு வந்தது. வேலுமணி கூட்டத்துக்குள் புகுந்து உன் டப்பாவை நீட்டினான். அம்மா பார்த்துவிட்டாள். "டப்பாவுல வந்ததெல்லாம் செல்லாது. கைக்குக் கை குடுக்கோணும். எங்க அவ?" என்றாள். நான் நின்ற இடத்திலேயே டப்பாவைத் திறந்து சாப்பிட்டேன். பாதி நார். பல் இடுக்கெல்லாம் மாட்டிக்கொண்டது. ஆனாலும் முழுதும் சாப்பிட்டேன். அம்மா தலையில் கை வைத்து அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் பீரோச் சாவியைக் கேட்டு ஸ்லேட்டை நீட்டினேன். விரதம் விட்டும் எழுதிக்கொண்டுதான் இருந்தேன், பார். போனைத் திறந்தால் புவனாவிடமிருந்து பதினோரு தவறிய அழைப்பு. எல்லாம் முதல் மூன்று நாளில் வந்தது. அப்புறம் ஒன்றுகூட இல்லை.

அவளைக் கூப்பிட்டேன். ஏழு நாள் கழித்து முதல் பேச்சு. தொண்டை ஒட்டிக்கொண்டு பாதிச் சொல் காற்றாகப் போனது. நான் என்ன சொன்னேன் தெரியுமா? உன்னிடம் மறைக்கவில்லை. "ரித்திகாவுக்கு இதுல இஷ்டமில்லீங்க. நீங்க உங்கப்பாகிட்ட எடுத்துச் சொல்லுங்களேன்" என்றேன். அதையும் அவள் தலையிலேயே போடப் பார்த்தேன்.

முழுதும் கேட்டுக்கொண்டாள். அப்புறம் சொன்னாள்.

"தங்கச்சியக் கேக்க வந்தப்ப வாயில வெரலை வெச்சுட்டு உக்காந்திருந்தீங்களாமா. எங்கப்பா சிரிச்சுட்டே வந்து சொன்னாரு. நீங்க முடியாதுன்னு சொல்லுவீங்க, அதை வெச்சு நானும் எங்கூட்டுல சண்டை போடலாம்னு மூணு நாள் கூப்பிட்டேன். இப்ப வேண்டாம்ங்கறதுக்கும் என் வாய்தான் வேணுமா? நாளைக்கு எனக்கு ஒண்ணுன்னா அப்பவும் ஸ்லேட்டுத்தானுங்களா?"

அவள் வைத்துவிட்டாள். திரும்பக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. இப்போதும் எடுக்கவில்லை.

அம்மா கதவோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். "பொட்டப்புள்ளை கோவிச்சுக்கறது எல்லா ஊட்டுலயும் நடக்கறதுதான். உப்புத் தட்டு வெச்சாச் சரியாப் போயிரும். ரித்திகாவையும் விடிய ஆள் உட்டுக் கூட்டிட்டு வந்துரலாம். நீ எதுவும் பேசாத, சாமி. இத்தனை நாள் பேசாம இருந்த மாதிரியே இன்னும் ஒரு நாள் இருந்துக்க" என்றாள்.

அம்மா என்னை நன்றாகத் தெரிந்து வைத்திருக்கிறாள். இருந்திருப்பேன். அவள் அதைச் சொல்லாமல் இருந்திருந்தால் இருந்திருப்பேன்.

ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு சுப்பையனைக் கூப்பிட்டேன். அம்மா போனைப் பிடுங்க வந்தாள். தறிக்கொட்டகைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டேன். வெளியே கதவைத் தட்டிக்கொண்டே இருந்தாள்.

"நாளைக்கு யாரும் வர வேண்டாமுங்க. என் தங்கச்சியக் குடுக்கறதுல எனக்குச் சம்மதமில்லை. இதை அவங்ககிட்டச் சொல்லிருங்க."

குரல் எனக்கே பழகவில்லை. கரகரவென்று வேறு யாரோ பேசுவது போல இருந்தது. சுப்பையனுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும்.

"ஏனுங்க, யாருங்க பேசறது? மயிலாத்தாள் அக்கா இல்லீங்களா? போனை அவங்ககிட்டக் குடுங்க" என்றார்.

"நான் கதிர்வேலுங்க. நானேதான் பேசறேன்."

கதிர்வேல்